ஒட்டுமுடியும் ஒரு நேர்ச்சையும்

பிப்ரவரி 3, சனி

திருச்சி போய்த் தலையைச் சரிசெய்துகொண்டு வந்தேன். கடைக்காரன் ரகுநாத் ஒட்டுமுடிப் பேட்சைக் கழற்றி, உச்சியை மழித்து, புதுப் பசை போட்டு மறுபடி ஒட்டினான். பிறகு காதுக்கு மேலே என் சொந்த முடியோடு அதைக் கலந்து வெட்டினான். எங்கே நான் முடிகிறேன், எங்கே பேட்ச் தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. வேலை என்றால் இது.

பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு ஆள். கரிச்சட்டியைக் கவிழ்த்ததுபோல ஒரு டோப்பா, அதற்குக் கீழே வெள்ளைப் பிடரி. தூ! இந்த மாதிரி ஆட்களால்தான் எங்களுக்குக் கெட்ட பெயர்.

கோயம்புத்தூரிலிருந்து விராலிமலை ஷோரூமுக்கு மாற்றல் வாங்கி வந்து ஒரு வருடம் ஆகிறது. இந்தப் பக்கம் என்னை வழுக்கையாகப் பார்த்தவர்கள் அம்மாவைத் தவிர யாரும் இல்லை. நாற்பத்தொரு வயதில், நாளை எனக்கு நிச்சயதார்த்தம்.

பிப்ரவரி 4, ஞாயிறு

ஆவூரில் பெண் வீட்டில் நிச்சயம் முடிந்தது. பெண் பாத்திமா, டீச்சர். லட்சணம்தான்; சிரித்தால் மேல்வரிசை கொஞ்சம் முன்னால் வருகிறது. முப்பத்தாறு வயதுக்கு என்னைவிட நல்ல மாப்பிள்ளையா வரிசையில் நிற்கிறான்?

அவளுடைய அப்பா ஜெபமாலை தன் வழுக்கையைத் துண்டால் துடைத்துத் துடைத்தே பந்தி விசாரித்தார். கூச்சம் என்பதே கிடையாது. "மாப்ளைக்கு என்னா முடி! எனக்கெல்லாம் இந்த வயசுலயே பொட்டக்காடு" என்றார். அடக்கமாகச் சிரித்துவைத்தேன். இதற்கு முன்னால் கோயம்புத்தூர்ப் பக்கம் பார்த்த வீடுகளில் என் மண்டையைப் பார்த்துவிட்டுக் காபியோடு அனுப்பினார்கள். இவர்களிடம் நான் ஏன் சொல்ல வேண்டும்? கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அம்மா எழுந்தாள்.

"இந்த எடம் அமைஞ்சா, தவக்காலம் பூரா எம்புள்ள தாடிய மழிக்க மாட்டான், தலையில கத்திரி பட விடமாட்டான்னு மாதாகிட்ட நேந்துக்கிட்டேன்."

பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எந்த முடியம்மா? பேட்ச் வளருமா? தவக்காலத்தில் அப்பா வளர்த்தார், தாத்தா வளர்த்தார் என்று பழக்கதோஷத்தில் என் தலையையும் சேர்த்து எழுதிக்கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து கத்தினேன்.

"அய்யோ, எனக்கு மறந்தே போச்சுடா."

மறந்துவிட்டதாம். தினமும் காலையில் பின்பக்கம் பேட்சின் டேப்பை அமுக்கிவிடுவதே இவள்தான்!

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

தவக்காலம் தொடங்கிவிட்டது. கல்யாணம் ஈஸ்டர் பாஸ்காவுக்குப் பிறகு, ஏப்ரல் 10. அதுவரை வெள்ளிதோறும் ஆவூர் கோயிலில் சிலுவைப்பாதை, பெண் வீட்டாரோடு. பக்தி முற்றிய குடும்பம்.

மார்ச் 1, வெள்ளி

காதோரம் முடி புதராகப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. மேலே பேட்ச் வெட்டிய அளவிலேயே இருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் தலைமேல் எதையோ எடுத்துவைத்ததுபோல இருக்கிறது. தாடியில் பாதி நரை. உச்சி மட்டும் கருகரு.

ரகுநாத்துக்குப் போன் போட்டால், "சார், கொஞ்சம் நீளமான பீஸ் போட்டுரலாம்" என்கிறான். ஒரே வாரத்தில் உச்சிமுடி மட்டும் விரல் நீளம் வளர்ந்துவிட்டது என்று ஊருக்குச் சொல்லவா? மூளை கெட்டவன்.

எண்ணெயைத் தடவிப் படியவைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். எனக்கு நேர் பின்னால் ஜெபமாலை. சிலுவைப்பாதையின் ஒவ்வொரு ஸ்தலத்திலும் முழந்தாளிடும்போது அவர் மூச்சு என் பிடரியில் பட்டது. ஆண்டவருடைய பாடுகளை யார் நினைத்தது? நான் என் பாட்டை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 8, வெள்ளி

பாத்திமா கேட்டாள்: "உச்சியில மட்டும் வளர மாட்டேங்குதே, ஏன்?" உடம்புச் சூடு என்றேன். நம்பிவிட்டாள். இவளெல்லாம் பாடம் நடத்தி, பிள்ளைகள் படித்து...

மார்ச் 13, புதன்

முடியவில்லை. லீவு போட்டுவிட்டு இலுப்பூர் போனேன். ஆவூர்க்காரர்கள் முடி வெட்ட அங்கே வருவதில்லை. தெரியாதபடி ஓரம் மட்டும், பிடரி மட்டும் என்று சொல்லி உட்கார்ந்தேன். என் பிடரி முடியை வைத்துக்கொண்டு மாதா என்ன செய்யப்போகிறாள்?

வெளியே வந்தால் எதிரே பைக்கில் அலெக்ஸ். பாத்திமாவின் தம்பி. என் கழுத்தில் பவுடர்கூட இன்னும் துடைக்கவில்லை. சலூன் போர்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான்.

பொறுக்கிப் பயல், அவனுக்கு இலுப்பூரில் என்ன வேலை?

மார்ச் 17, ஞாயிறு

ஜெபமாலை வந்தார், அலெக்ஸையும் கூட்டிக்கொண்டு. கொண்டுவந்த பழத்தைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"மாப்ள, இவன் ஒரு சேதி சொல்றான். இருக்காதுன்னுதான் நெனைக்கிறேன். நீங்களே சொல்லிருங்க."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"முடி பெருசில்லங்க. மாதாகிட்டச் சொன்ன வார்த்தைய யாருக்கும் தெரியாம ஒடைக்கிறவர நம்பி எப்புடிப் பொண்ணக் குடுக்குறது?"

உண்மை நாக்கு நுனியில்தான் இருந்தது. ஒட்டுமுடி மாமா, ஓரத்தை வெட்டாவிட்டால் தெரிந்துவிடும் — இவ்வளவுதான். இந்த வழுக்கை மனிதரிடம் அதைச் சொல்லவா? எனக்கு வேறு ஒன்று வந்தது.

"அம்மாவுக்கு வயசாயிருச்சு மாமா. எதையோ நெனச்சு எதையோ பேசிட்டாங்க. அப்படி ஒண்ணும் நேந்துக்கல."

அம்மா காபித் தம்ளர்களோடு வாசற்படியில் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தாள்.

"ஆமாங்க. அன்னைக்குச் சபையில வாய் தவறிருச்சு. நான் நேந்துக்கிட்டது எம்முடிய. வேளாங்கண்ணியில மொட்ட போடுறதா. பதட்டத்துல இவன் முடின்னு சொல்லிட்டேன்."

"அதான பாத்தேன்!" என்று ஜெபமாலை அலெக்ஸின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். பழம் வெளியே வந்தது.

அவர்கள் போனதும் சிரித்தேன். "பரவால்லயேம்மா, நல்லா சமாளிச்சுட்ட!" அம்மா தம்ளர் கழுவிக்கொண்டே இருந்தாள். காது மந்தமாகிவருகிறது போல.

மார்ச் 31, உயிர்ப்பு ஞாயிறு

பாஸ்கா சாப்பாடு முடிந்ததும் அம்மா துணியை எடுத்துப் பையில் வைத்தாள். நாளைக்கு வேளாங்கண்ணி போகிறாளாம்.

"அது சும்மா சொன்னதுதானம்மா?"

"அவுக முன்னாடி சொன்னேன். மாதாவும் கேட்டுக்கிட்டுத்தானடா இருந்தா."

கோபம் வந்துவிட்டது. பைத்தியக்காரத்தனம், அறுபத்தெட்டு வயதில் மொட்டையா! "வேணாம். நானே அவங்ககிட்ட உண்மையச் சொல்லிர்றேன்" என்றேன்.

"சொல்லு" என்றாள்.

செல்லை எடுத்தேன். ஜெபமாலையின் நம்பரும் வந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை.

அம்மாவுக்கு இடுப்பு வரை முடி. நரைத்தாலும் அடர்த்தி குறையவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நுனிகூட வெட்டியதில்லையாம், மழிக்கிறவரிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. கண்ணை மூடி, கையிலிருந்த ஜெபமாலை மணிகளை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நீளநீளமாக மடியில் விழுந்தது. ஒருவன் வந்து கூட்டி மூட்டையில் போட்டான். அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். என் தலையில் இருப்பதும் அப்படி எங்கிருந்தோ வந்ததுதான்.

காதுக்குப் பின்னால் அவளுக்கு ஒரு பெரிய மச்சம். நான் இதுவரை பார்த்ததே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சந்தன வாசனை. டோப்பா வைத்தவனையும் வழுக்கையனையும் பல்லு நீண்டவளையும் வரிசையாக நிறுத்திக் காறித் துப்பினேனே... ச்சீ, நானெல்லாம் ஒரு புள்ளையா? கேவலமா இருக்கு.

ஏப்ரல் 10, புதன்

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ரகுநாத் நேற்று புதுப் பீஸ் போட்டுக் கலந்துவிட்டிருந்தான், இணைப்பே தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் ஒன்றுமில்லை. எல்லோரும் அம்மா தலையைத்தான் பார்த்தார்கள்.

ஹாலில் போட்டோ எடுக்கிறவன், "அம்மா, முக்காட்ட எடுத்துருங்க, மூஞ்சி நெழலா விழுகுது" என்றான். அம்மா எடுத்தாள். ஜெபமாலை கைகூப்பினார். பாத்திமா என் பக்கம் குனிந்து, "ஒங்களுக்காகக் குடுத்தாங்களே, எம்புட்டு மனசுங்க அத்தைக்கு!" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

பதில் சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து யாரோ ஸ்டாண்ட் ஃபேனை எங்கள் பக்கம் திருப்பினார்கள். என் கை தானாக உச்சிக்குப் போய் முடியை அமுக்கிக்கொண்டது.

அப்போதுதான் போட்டோ எடுத்தான்.