ரங்கூனிலிருந்து வந்த அழைப்பு

லிங்கராஜபுரம், பெங்களூர். அக்டோபர் 1998, ஞாயிறு இரவு.

வெட்கத்தை முதலில் எழுதிவிடுகிறேன். இன்று காலை போனில் பர்மா ராணுவ ஆட்சியை வாயாரப் புகழ்ந்தேன். லுங்கியோடு எழுந்து நின்று புகழ்ந்தேன்.

ரங்கூனில் இருக்கும் அக்கா வருடத்துக்கு ஒருமுறைதான் பேசுவாள். ஒட்டுக்கேட்பார்களே என்று மழையையும் முழங்கால் வலியையும் தாண்டிப் பேசமாட்டாள். இன்றும் மழையில்தான் ஆரம்பித்தாள். என் நாக்கு சும்மா இருக்குமா?

"மழை பெய்யக்கூட உங்க ஜெனரல்கிட்ட பர்மிட் வாங்கணுமாக்கா?"

லைனில் 'டக்' என்று ஒரு சத்தம். யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள். அக்கா தெரு வாத்தியார் ஒருவர் இப்படி வாயைவிட்டுத்தான் சிறைக்குப் போனாராம். சட்டென்று எழுந்து நின்றேன்.

"சும்மா சொன்னேன்க்கா! உங்க ராணுவத்தோட ஒழுங்கு எங்களுக்கு வருமா? இங்க பஸ்ஸே நேரத்துக்கு வர்றதில்ல!" என்று கத்தினேன். அதோடு இணைப்பு அறுந்தது. பாவிகள்.

அவளைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்களோ? யாரிடம் கேட்பது? பகலெல்லாம் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஊரையே சிரிக்கவைக்கிறவனுக்கு இதைச் சொல்லி அழ ஓர் ஆள் இல்லை.

சாயங்காலம் கீழ்வீட்டு ஓனரம்மா மேலே வந்தார். இரண்டு வீட்டுக்கும் ஒரே லைன்.

"பேஜார் பண்ணிக்காதீங்க சார், காலைல தெரியாம ரிசீவர் எடுத்தது நான்தான். நீங்கதான் போனைப் படார்னு வெச்சிட்டீங்க. அவங்க மட்டும் 'தம்பி, இருக்கியா, தம்பி'ன்னு ரொம்ப நேரம் கூப்பிட்டுட்டே இருந்தாங்க."