படகு இறக்கிய நாளில் பாடியவள்

கரியாக்குத் தீவு,
துவரை பறித்து முடிந்த வாரம்.

அன்புள்ள பேத்தி நேரிஸாவுக்கு,

பாட்டி ஐவலின் எழுதுவது. முழங்கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் என் சொல் கேட்கிறது. கனடாக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒன்று சொன்னால் நீ பத்துக் கேள்வி கேட்பாய், சொல்ல வந்தது நின்றுபோகும். காகிதம் குறுக்கே பேசாது.

வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. இந்த முறை ஆணி அடிப்பதை நானே கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். துவரை நன்றாகக் காய்த்தது. ஆனால் பக்கத்து வீட்டு யூஃபீமியா, ஊரெல்லாம் ஆடுகளை அவிழ்த்துவிடும் நாளுக்கு முன்பே தன் ஆட்டை அவிழ்த்துவிட்டாள். இந்த வருடம் மட்டுமா, அவள் கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்தே இதே கதைதான். என் துவரைக்கு அவள் ஆடு மருமகன் மாதிரி விருந்துக்கு வருகிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன் படிப்புக்காக என் அம்மா ரோஸானாவைத் தேட ஆரம்பித்தாய். ஞானஸ்நானப் புத்தகத்தில் அந்த வருடத்துப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. பெரிய தீவின் பதிவு அலுவலகத்துக்கு எழுதினாய், பதில் இல்லை. அவளுக்கு முந்திய தலைமுறையாவது கிடைக்குமா என்று லண்டனில் இருக்கும் அடிமைக் கணக்குப் புத்தகங்களைக் கணினியில் திறந்து பார்த்து, "பாட்டி, இதுல மாடு கன்னு மாதிரி வெறும் பேரும் வயசும்தான் இருக்கு" என்று அழுதாய். அன்று உன்னைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. நாங்கள் அழாமல் விட்ட அழுகையை நீ ஏன் எடுத்துக்கொள்கிறாய் என்று இருந்தது.

கடைசியில் ஏதோ ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகத்தின் பழைய ஒலிநாடாக்களில், அம்மா பாடக் கடலில் இறக்கினார்கள் என்று நான் உனக்குச் சொல்லியிருந்த படகின் பேரைப் போட்டுத் தேடி, அன்றைய பாட்டைக் கண்டுபிடித்துவிட்டாய். பாடியவர் பேர் என்ற இடத்தில் 'தெம்னே' என்று இருந்ததாகச் சொன்னாய். அதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் கோழிகள் ஓடின. முன்னோரைக் கூப்பிடப் பெரிய மேளம் அடிக்கிற இடத்தில் வெளியாள் வந்து யார் என்று கேட்டால், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குலத்தைத்தானே நாங்கள் சொல்வோம். அப்போது நடந்தது தெம்னேக் குலத்துப் பாட்டு. யாரோ தெம்னே என்றிருக்கிறார்கள். பாட்டைப் பதிவுசெய்ய வந்த வெள்ளைக்காரர் அதை ஒரு பெண்ணின் பேராக எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா தெம்னேக் குலம். அதனால் பாடியவள் அவளாகத்தான் இருக்க வேண்டும் என்று நீ எண்ணினாய். உள்ளூர்க்காரர் ஒருவர் சாட்சி சொன்னால் சரியான பேரைப் போட்டுவிடுவதாக நூலகத்து அம்மா சொன்னாராம். பாட்டை என் போனுக்கு அனுப்பி, "கொள்ளுப்பாட்டிதானே? ஆமான்னு ஒரு வார்த்தை போதும்" என்றாய்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை ஆசைப்பட்டேன் என்று உனக்குத் தெரியாது. அம்மாவுக்குப் போட்டோ கிடையாது. அவள் தலைமாட்டில் கல் நட்டு, ஆடு வெட்டி, இறந்தவர்களுக்குத் தட்டு வைத்து, மேளம் அடித்து ஊரைக் கூப்பிட வேண்டும் என்று சேர்த்து வைத்துக்கொண்டே இருந்தேன். கல் வாங்குவதற்குள் கடலோரக் கல்லறைகளைக் கடல் எடுத்துக்கொண்டது. கல் நட மண்ணே இல்லை. அந்த நூலகத்தில் அவள் பேர் ஏறினால் அதுவே கல் என்று நினைத்தேன்.

கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். முதலில் இரைச்சல். பிறகு மேளம். பிறகு ஒருத்தி எடுத்துப் பாடுகிறாள். மற்றவர்கள் பின்பாட்டு. எனக்கு அந்தக் கடற்கரை வந்துவிட்டது. உருளைக் கட்டைகளுக்குப் பன்றிக் கொழுப்புத் தடவிய வாசனை, படகின் மூக்கில் ஊற்றிய ரம், கயிறு இழுக்கிற ஆண்களின் முதுகு. அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த வெள்ளைக்காரர் ஒலிப்பதிவுப் பெட்டியை ஒரு சாராயப் பீப்பாய் மேல் வைத்திருந்தார். அதில் சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தைத் தொட்டுப் பார்க்க எனக்குக் கை அரித்தது.

பாட்டு உச்சத்தில் இருக்கும்போது, பெட்டிக்குப் பக்கத்திலேயே வேறொரு குரல் கேட்கிறது. "ஐவி, கைய எடு. அந்தப் பெட்டியத் தொட்ட, மவளே, கைய ஒடிச்சு அதுக்குள்ளயே போட்டுருவேன்."

அதுதான் என் அம்மா.

அவள் திட்டும்போது அந்தப் பக்கம் பாட்டு நிற்கவில்லை. பாடுகிறவள் வெர்ஜினி குட்ஜோ. கடைசிச் சொல்லைக் கரைக்கு வராத படகைக் கூப்பிடுகிற மாதிரி இழுப்பாள். அந்த இழுப்பு வேறு யாருக்கும் வராது. அம்மா அன்று காலையில் பாடினாள். அதில் என் ஞாபகம் தப்பில்லை. பெட்டிக்காரர் வந்து சேர்ந்தது மத்தியானம்.

வெர்ஜினி யார் என்று கேட்பாய். யூஃபீமியாவின் அம்மா. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். யூஃபீமியா அப்போது கைக்குழந்தை.

நீ பாட்டு அனுப்பிய செய்தி ரொட்டிக் கடை வழியாக ஊருக்குப் போயிற்று. வேலிப் பக்கமே வராத யூஃபீமியா வேலிக்கு வந்தாள். "ஐவி, அந்தப் பாட்ட எனக்கும் கொஞ்சம் போட்டுக் காட்டேன்" என்றாள். ஆட்டைக் கட்டிவிட்டு வா என்றேன். "ஆடு கட்டித்தான் கெடக்கு. நீதான் அவுந்து திரியுற" என்றாள். போனைக் கொடுத்தேன். தலைகீழாகக் காதில் வைத்துக்கொண்டு கேட்டாள். அம்மா என்னைத் திட்டுகிற இடத்தில் சிரித்தாள். "ஒன்னைய அப்பவே யாரும் நம்பல பாரு" என்றாள். பிறகு மெதுவாக, "பாடுறது ஒங்கம்மாவா? நல்லாப் பாடுறா, ஐவி. சும்மா சொல்லக் கூடாது. எங்கம்மாவும் பாடுவாளாம். எனக்குக் கொரலு தெரியாது. நீ கேட்டிருப்பியே, எப்படி இருக்கும்?" என்றாள்.

போனில் சார்ஜ் தீரப்போகிறது என்று பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இது நடந்து நாலைந்து நாளாகிறது. வெர்ஜினியின் குரலை அறிந்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். உனக்கு ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் மறுக்க மாட்டார்கள். யூஃபீமியாவே சந்தோஷப்பட்டுக்கொண்டு போவாள். அவள் ஆட்டுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கப் போவதில்லை.

ஆனால் நான் அப்படிச் சொன்னால், என் அம்மா உலகம் உள்ளவரைக்கும் இன்னொருத்தியின் தொண்டையில் பாடிக்கொண்டிருக்க வேண்டும். கல்யாணத்துக்குக்கூட இரவல் பாவாடை கட்டாதவள் அவள். செத்த பிறகு இரவல் குரலைக் கட்டிக்கொள்வாளா? ராத்திரி வந்து என் கையை ஒடித்துப் போட்டுவிடுவாள்.

ஆகவே நூலகத்து அம்மாவுக்கு இப்படி எழுது. பாடியவள் வெர்ஜினி குட்ஜோ. பாட்டு தெம்னேயுடையது என்றாலும் அவள் குரோமாந்திக் குலம். சாட்சி ஐவலின் நோயல். பாட்டை யூஃபீமியாவின் போனுக்கும் அனுப்பு. பாடுவது யார் என்று அவளிடம் நீயே சொல்லிவிடு. என்னால் முடியாது. நான் சொன்னால் அவள் அழுவாள். நான் நின்று பார்க்க வேண்டியிருக்கும். பிறகு ஆட்டு விஷயம் பேசவே முடியாமல் போகும்.

வேளைக்குச் சாப்பிடு. செத்துப்போனவர்களைத் தேடுகிற வேலையில் உன் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அவர்களுக்கு அவசரமில்லை. நம் முன்னோர் எல்லாரும், பேர் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும், உனக்குத் துணையாக இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று. பாட்டுக்கு நடுவில் திட்டுகிறவளுக்கும் பேர் போடுகிற வழக்கம் அந்த நூலகத்தில் உண்டா என்று கேட்டுப் பார். இல்லை என்றால் வற்புறுத்தாதே, அவர்களுக்கும் ஒழுங்கு என்று ஒன்று இருக்கும். இருந்தால், கடைசியில் சின்ன எழுத்தில் போட்டாலும் போதும். ரோஸானா நோயல். தெம்னேக் குலம். மகளைக் கூப்பிடுகிறாள்.

உன் பாட்டி,
ஐவலின்