பின்கயிற்றைப் பிடிக்க ஆளில்லை

அன்பு மகள் சேலிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகம், முட்டி மட்டும் ஈரக் காற்றுக்கு முனகிக்கொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற குட்டியும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். உன் அப்பா ................ இந்த இடத்தை இப்போதைக்குக் காலியாக விட்டுவைக்கிறேன், தெரிந்ததும் நிரப்புகிறேன். தெரியாமலே சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வேறு எதையும் எழுதவும் மாட்டேன்.

நீ போன் போட்டுப் போட்டு அலுத்துப் போயிருப்பாய். இங்கே யாருக்கும் போன் வேலை செய்யவில்லை, செல்போன் கோபுரமெல்லாம் சாய்ந்துவிட்டதாம். வடக்கே மேட்டு நிலத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், பிள்ளைகள் பந்து விளையாடுகிற கூடத்தில், நம் ஊரே மடக்குக் கட்டில் போட்டுப் படுத்துக் கிடக்கிறது. தபால்கார அம்மா ஒருத்தி வந்தாள், நாளைக்கு வண்டி போகும், எழுதுகிறவர்கள் எழுதிக் கொடுங்கள் என்றாள். அலாஸ்காவுக்குப் போய்ச் சேருமா என்று கேட்டேன். சேரும், மெதுவாகச் சேரும் என்றாள். இது உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் எழுதுகிறேன், சும்மா உட்கார்ந்தால் காற்றுச் சத்தம்தான் காதுக்குள் கேட்கிறது. நீ முதலில் டிவியை அணை. அந்தக் காட்டுக்கத்தல் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. புயலுக்கு இந்த முறை யாரோ நல்ல குடும்பத்துப் பெண்ணின் பெயரை வைத்திருக்கிறார்கள், நான் அதை இந்தக் காகிதத்தில் எழுதப் போவதில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது சேலி, மறைக்க மாட்டேன். முட்டி ஆபரேஷன் ஆனவள் படகில் ஏறக் கூடாது, ஏறினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர்ப் பக்கமே வரமாட்டேன் என்று போனில் அழுது என்னிடம் சத்தியம் வாங்கினாயே, நல்ல எண்ணத்தில்தான் வாங்கினாய், தெரியும். உன் அப்பாவும் பக்கத்தில் நின்றுகொண்டு, "மக சொல்றதக் கேளு ஓதீல், நீ போய் மெத்தையில படு, கயித்த நான் பாத்துக்கறேன்" என்று பெரிய மனிதர் மாதிரி சொன்னார். ஆனால் புயலில் படகைக் கட்டிக் காப்பது ஓராள் வேலையா? நீ சின்ன வயதிலேயே படிக்கப் போய்விட்டாய், உனக்கு முழுசாகத் தெரியாது. தண்ணீர் ஏற ஏறக் கயிற்றை விட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் படகைத் தலைகீழாகப் பிடித்து இழுத்துவிடும். தண்ணீர் வடிய வடியக் கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் படகு ஓடி மரத்தில் ஏறிக்கொள்ளும். முன்கயிற்றுக்கு ஓராள், பின்கயிற்றுக்கு ஓராள். கல்யாணம் ஆனதிலிருந்து பின்கயிறு என்னுடையது. ஒரு புயலைக்கூட நான் விட்டதில்லை, நீ வயிற்றில் இருந்தபோதும் விடவில்லை, அதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று நினைத்திருந்தேன், கை தவறி எழுதிவிட்டேன், நீ என்னைப் பார்த்துச் செய்துவிடாதே.

காப்பீட்டுக்காரன் மரப் படகு என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். படகு போனால் உன் அப்பா என்ன செய்வார், இந்த வயதில் யாரிடம் போய்க் கை கட்டி நிற்பார். அதனால்தான் நம் பாயூ ஓடைக்கரை ஆட்கள் எல்லோரும் பெண்டு பிள்ளைகளை வடக்கே அனுப்பிவிட்டு, படகை ஓடையில் மேல்பக்கமாக ஏற்றிக்கொண்டு போய் ஓக் மரங்கள் இருக்கிற வளைவில் கட்டிக்கொண்டு, அதிலேயே உட்கார்ந்துகொள்கிறார்கள். அரசாங்கத்துக்காரர்கள் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு கெஞ்சினார்கள். ஒருவரும் இறங்கவில்லை. உன் அப்பா அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினாராம்.

பின்கயிற்றில் எனக்கு ஒரு வழி உண்டு, அது என் அப்பா பாயூவின் அடிமுனையில் செய்தது. கயிற்றின் நடுவில் கனமான இரும்பு ஒன்றைத் தொங்கவிடுவேன். தண்ணீர் ஏறினால் இரும்பு மேலே எழும்பிக் கயிறு நீளும், வடிந்தால் இரும்பு கீழே இறங்கிக் கயிற்றைத் தானே இழுத்துக்கொள்ளும், கை ஓய்ந்த நேரம் அது பார்த்துக்கொள்ளும். உன் அப்பாவுக்கு இது பெரிய கேலி. "என் பொண்டாட்டி கயித்துக்கே வேலைக்காரி வெச்சிருக்கா, நாளைக்கு அதுக்குச் சம்பளம் கேப்பா" என்று படகுத்துறை முழுக்கச் சொல்லித் திரிவார். ஆண்பிள்ளை கயிற்றைக் கையால் பிடிப்பானாம். நான் தொங்கவிடுகிற அந்தப் பழைய எஞ்சின் சக்கரத்தைப் போன வசந்தத்தில் காயலான் கடையில் போட்டுவிட்டு வந்து நின்றார். நான் இரண்டு நாள் பேசவில்லை. இப்போது பின்கயிற்றுக்கு நானும் இல்லை, இரும்பும் இல்லை. அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

சாப்பாடு என்றதும் இன்னொன்று. என் பெரிய இரும்பு அண்டாவைக் காணோம். மூன்று கால் வைத்தது, வளைந்த பிடி உள்ளது, என் கல்யாணத்துக்கு ஊருக்கே சோறு பொங்கியது, உன் கல்யாணத்துக்கும் பொங்கியது, அதுதான். கிளம்புகிற அன்று காலை சாமான்களையெல்லாம் பரணில் ஏற்றினோம், அண்டா மட்டும் கொட்டகையில் இல்லை. கேட்பானேன், உன் அத்தை வெர்னாதான். கோயில் திருவிழாவுக்கு என்று வாங்கிப் போவாள், கிறிஸ்துமஸ் வரும்வரை திருப்பித் தர மாட்டாள், தந்தாலும் அடியில் கருகல் ஒட்டியிருக்கும். இப்போது என் விதி, அவள் கட்டில் என் கட்டிலுக்குப் பக்கத்தில். நேராகவே கேட்டுவிட்டேன். "மாதா மேல சத்தியமா நான் எடுக்கல அண்ணி, ஒங்க அண்டாவத் தூக்க எனக்கு ரெண்டு ஆளு வேணும், நான் எங்க போவேன்" என்றாள். சத்தியம் பண்ணுவதற்கு அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா. அன்றிலிருந்து நான் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் பாட்டுக்கு என் போர்வையை மடித்து வைக்கிறாள், எனக்காக வரிசையில் நின்று காப்பி வாங்கி வருகிறாள். அந்தக் காப்பி பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி இருக்கிறது, நம் வீட்டுக் காப்பியில் ஒரு சொட்டு எடுத்து இதில் விட்டால் இதுவும் காப்பி ஆகிவிடும்.

இங்கே நிறுத்தியிருந்தேன். ஆல்சிட் வந்தான் என்று கூடத்தில் ஒரே சலசலப்பு. ஆல்சிட் நம் கோழிக் கடைக்காரர் மருமகன், மீட்புப் படகில் போய்விட்டு வந்திருக்கிறான். தண்ணீர் கரையைத் தாண்டிவிட்டதாம். நம் தெருவில் கூரைகள் மட்டும் தெரிகிறதாம், நம் கோயிலில் மாதா சிலை இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாளாம். எல்லோரும் அவனைச் சுற்றி நின்று வீடு வீடாகக் கேட்டார்கள். நான் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. ஓக் வளைவுக்குப் போனாயா என்று கேட்டேன். அவன் தொப்பியைக் கழற்றினான். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "வளைவுக்குள்ள போக முடியல, மரமெல்லாம் குறுக்கால கெடக்கு. தூரத்துலேருந்து பாத்தேன், நீலப் படகு ஒண்ணு கவுந்து கெடக்கு. நம்ம சேலி மாதிரிதான் இருந்துச்சு, பேரு தெரியல" என்றான். படகுக்கு உன் பெயரை வைக்காதே, பிள்ளைக்குக் கண் படும் என்று அன்றைக்கே நான் உன் அப்பாவிடம் சொன்னேன். ஒருத்தன் வந்து என் மகள் பெயரைச் சொல்லிக் கவிழ்ந்து கிடக்கிறது என்கிறான், நான் அதை நின்று கேட்கிறேன்.

அப்புறம் என்ன நடந்தது என்று சரியாகத் தெரியவில்லை. வெர்னா என்னைக் கட்டிலில் உட்கார வைத்திருந்தாள். "நீல பெயிண்டு தள்ளுபடியில வந்தப்போ பாதி ஊரு வாங்கி அடிச்சுச்சு அண்ணி, ஒங்களுக்குத் தெரியாதா, என் கக்கூஸ் கதவுகூட அந்த நீலந்தான்" என்றாள். உண்மைதான். ஆனாலும் மனசு கேட்கிறதா. அவள் அண்ணனும்தானே அவர். இரண்டு பேரும் ஜெபமாலையை எடுத்துக்கொண்டோம், நான் பாதியில் எந்த மணியில் இருக்கிறேன் என்று மறந்து மறந்து அவளைப் பார்த்தேன், அவள் விரலால் காட்டினாள். நான் அங்கே இருந்திருக்க வேண்டும் சேலி. ஆபரேஷன் முட்டி உடைந்தால் உடையட்டும். அவர் முன்கயிற்றை விட்டுவிட்டுப் பின்னால் ஓடியிருப்பார், பின்னால் ஓடும்போது முன்னால் அறுந்திருக்கும், அந்த வழுக்கும் பலகையில் எத்தனை தடவை ஓடியிருப்பார், அவருக்கும்தான் வயதாகிறது, எவ்வளவு சொன்னாலும் அந்தத் தேய்ந்த ரப்பர் பூட்ஸை மாற்ற மாட்டார். இதெல்லாம் உனக்கு எழுதக் கூடாது. எழுதிவிட்டேன். நீ இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொண்டு படி, காலைத் தூக்கி வைத்துக்கொள், பக்கத்தில் மாப்பிள்ளையை வைத்துக்கொள்.

சாயங்காலம் ஆகிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். சற்று முன்னால் ஒரு போலீஸ்கார அதிகாரி கையில் காகிதத்தோடு வந்தார், வடக்குப் பக்கத்து ஆள், நம் பெயர்களை வாய்க்குள் போட்டுக் கடிக்கிறார். ஓதீல் யார், ஓதீல் யார் என்று கட்டில் கட்டிலாகக் கேட்டுக்கொண்டு வந்தார். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. வெர்னா கையைத் தூக்கிக் காட்டினாள். அந்த ஆள் சொன்னார், மதகுக் காவல்காரர் ரஃபேல் வயர்லெஸ்ஸில் சொன்னதாம், படகிலிருந்து ஒருத்தர் சொல்லச் சொன்னாராம், மூன்று தடவை திருப்பிக் கேட்டும் இதேதான் வந்ததாம், எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை அம்மா, இது ஏதாவது ரகசியச் செய்தியா என்று கேட்டார். பிறகு காகிதத்தைப் பார்த்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார்.

"அண்டா போச்சு. நான் இருக்கேன். வெர்னாவத் திட்டாத."

எனக்கு முதலில் மூளைக்கு ஏறவில்லை. வெர்னாவுக்குத்தான் முதலில் ஏறியது. அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை, அந்தக் கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டு என் மடியில் விழுந்தாள். அப்புறம்தான் எனக்கும் விளங்கியது. அந்த மனிதர் நான் கிளம்புவதற்கு முன்னாலேயே என் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய், உள்ளே சங்கிலியைப் போட்டு நிரப்பி, பின்கயிற்றின் நடுவில் தொங்கவிட்டிருக்கிறார். எனக்குத் தெரியாமல். தெரிந்தால் அண்டாவுக்குச் சண்டை போடுவேன் என்று பயந்தாரா, இத்தனை வருஷம் கேலி பண்ணியதற்கு நான் சிரிப்பேன் என்று வெட்கப்பட்டாரா, கேட்டால் சொல்ல மாட்டார். அதிகாரி மறுபடியும் வயர்லெஸ்ஸில் கேட்டு வந்து மீதியைச் சொன்னார். கவிழ்ந்தது வேறு யாருடைய படகோ, நல்ல வேளையாக அதில் ஆளில்லை. தண்ணீர் ஏறி வடிகிறவரை பின்கயிறு பிடித்ததாம். கடைசியில் தண்ணீர் இழுத்துக்கொண்டு வடியும்போதுதான் அண்டா அறுந்து போனதாம், இப்போது கயிற்றில் இரும்புப் பிடி மட்டும் தொங்குகிறதாம். உன் அப்பாவின் உள்ளங்கை இரண்டும் உரிந்துவிட்டது, வேறு ஒன்றுமில்லை. மரங்களை வெட்டி வழி பண்ணும்வரை அங்கேயேதான் இருக்க வேண்டும், தின்பதற்கு இறால் இருக்கிறது, காப்பிதான் தீர்ந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் அவர் குரல் உடைந்ததாம்.

அதிகாரி பதில் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். பின்கயிற்றுக்கு இனி நான் வந்துவிடுவேன், பூட்ஸை மாற்றச் சொல்லுங்கள் என்றேன். அந்த நல்ல மனிதர் அதையும் ரகசியச் செய்தி என்று நினைத்து அப்படியே எழுதிக்கொண்டு போனார். உன் சத்தியத்தை நான் காப்பாற்றியாகிவிட்டது சேலி, ஒரு தடவைக்கு. அடுத்த புயலுக்கு இன்னொரு சத்தியம் கேட்காதே. கேட்டால் தர மாட்டேன்.

வெர்னாவிடம் மன்னிப்புக் கேட்டேன். போகட்டும் விடுங்க அண்ணி என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, ஆனா போன தடவ கருகல் வெச்சது நாந்தான் என்றாள்.

மேலே விட்ட இடத்தை நிரப்பப் போனேன். இடம் சின்னதாகப் போய்விட்டது, அதனால் இங்கேயே எழுதுகிறேன், நீ அங்கே வைத்துப் படித்துக்கொள். உன் அப்பா இருக்கிறார். வீடு என்ன ஆனது என்று தெரியவில்லை, பார்த்துக்கொள்ளலாம். கனமானதைத் தூக்காதே, குனிந்து நிமிராதே, மாப்பிள்ளையைப் பாத்திரம் கழுவச் சொல். மாதா உன்னையும் உன் பிள்ளையையும் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொள்ளட்டும். குழந்தை பிறந்து ஊருக்கு வரும்போது எங்களுக்கென்று எதையும் வாங்கி வராதே, துணிமணி வேண்டாம், இனிப்பு வேண்டாம். ஒரு இரும்பு அண்டா மட்டும் வாங்கி வா. பிடி கெட்டியாக இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்து வாங்கு. நீ தூக்காதே, மாப்பிள்ளை தூக்கட்டும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா ஓதீல்
(பக்கத்தில் உன் அத்தை வெர்னாவும், அவளும் உன்னை விசாரித்ததாக எழுதச் சொல்கிறாள்)