வெள்ளிக்கிழமை மூணு மணி

17-6-2003, செவ்வாய்
இன்றைக்கும் தண்ணி லாரி வரவில்லை. குடத்தை வரிசையிலேயே விட்டுவிட்டு வந்துட்டேன்.

இந்த டைரி எங்க வீட்டுக்காரருக்குக் கட்சி ஆபீசில் கொடுத்தது. மே மாசம் வரைக்கும் அவர் எழுத்து. எந்தத் தெருவில் எந்தக் கடைக்கு விளம்பரம் சொல்லணும்னு. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போகிற வேலை அவருக்கு. எர்ணாவூரில் பகலவன் குரல் தெரியாதவங்க இல்லை. மே மாச வெயிலில் ஆட்டோவிலேயே சாஞ்சுட்டார், உசுரு போயிடுச்சு. அதுக்கப்புறம் வெறும் பக்கம்.

நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. எழுத்து கோணலா வருது. யார் பார்க்கப் போறா.

20-6, வெள்ளி
மூணு மணிக்கு பெனிட்டோ தம்பியின் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். எங்க வீட்டில் போன் இல்லை, பி.பி. நம்பர் அந்தக் கடை போன்தான். என் பொண்ணு மகிழினி மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலை செய்றா. வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும்தான் வெளியே விடுவாங்க. அவ பூத்துக்கு ஓடி வந்து போன் பண்ணினா இங்கே மூணு மணி. மஸ்கட் போன நாளிலிருந்து, அவர் இருந்த வரைக்கும், ஒரு வெள்ளி தப்பினதில்லை.

அவர் செத்த அன்னைக்குத்தான் கடைசியாப் பேசினா. “அப்பாவ ஐஸ் பொட்டில வெச்சிருக்கக் கூடாதா? நான் வரமாட்டனா?” லீவு கிடைக்குமான்னு அவளுக்கே தெரியாது. கொழுந்தனார் அன்னைக்கே தூக்கலாம்னுட்டார். நான் யாரு தடுக்க? போனைப் பட்டுனு வெச்சுட்டா. அதோட சரி.

இன்னைக்கும் வரலை. பெனிட்டோ, “யக்கா, டீ குடிக்கீங்களா?”ன்னு ரெண்டு தடவை கேட்டார்.

24-6, செவ்வாய்
மகி கூட வேலை செய்ற நர்ஸ் ஃப்ளோரன்ஸ், நம்ம ராயபுரத்துப் பொண்ணு. பெனிட்டோவுக்கு மெயில் போட்டிருக்கு. மகி சரியாச் சாப்பிடறதில்லையாம். அப்பா குரலை ஒரு தரம் கேட்கணும்னு அழறாளாம்.

வீடு பூராத் தேடினேன். ஊருக்கெல்லாம் பேசின மனுஷன், ஒரே ஒரு கேசட். பூமாரி பாத்திரக் கடை விளம்பரம்.

தபாலில் போட பயமா இருக்கு. தொலைஞ்சா? மெயிலில் அனுப்ப ரொம்பப் பெருசாம். பெனிட்டோ சொன்னார், “இங்கன டேப்ப ஓட விடுவோம்க்கா. அது நெட்டு வழியாப் போவும். அங்கன ஃப்ளோரன்ஸ் கம்ப்யூட்டர்ல நம்ம கம்ப்யூட்டர் நம்பர அடிச்சா கேக்கும். நம்ம சொந்த ரேடியோன்னு வச்சுக்கிடுங்களேன்.” எப்போ வைக்கலாம்னார். வெள்ளிக்கிழமை மூணு மணின்னேன். அது மகி நேரம்.

27-6, வெள்ளி
டேப்ரெக்கார்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் போட்டோம். முதலில் பெனிட்டோ தப்பான ஓட்டையில் சொருகிட்டார், கம்முனு இருந்தது. மாத்தினதும் பக்கத்துக் கேபினில் எங்க வீட்டுக்காரர் குரல் கணகணன்னு வந்தது.

ஆனா மஸ்கட்டுக்குப் போகலை. கேட்கிறவங்க எத்தனை பேர்னு திரையில் காட்டுது. பூஜ்யம். டேப் முடியுற வரைக்கும் பூஜ்யம்.

சாயங்காலம் பெனிட்டோ தலையில் அடிச்சுக்கிட்டார். கடைக்குள்ள ஓடுற நம்பரை அனுப்பிட்டாராம். வெளியே இருக்கிறவங்களுக்கு வேற நம்பராம். அதுவும் ஒவ்வொரு தடவை லைன் போடும்போதும் மாறுமாம்.

4-7, வெள்ளி
பூஜ்யம் ஒண்ணு ஆச்சு.

நம்பரை நான்தான் படிச்சேன், பெனிட்டோ அடிச்சு மெயிலில் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் ஒண்ணு. நான் திரையைத் தொட்டுட்டேன். தொடக்கூடாதாமே.

டேப் ஆரம்பத்தில் அவர் மைக்கைத் தட்டி, “மகி… மகி… மகி…”ன்னு சொல்லிப் பார்ப்பார். மைக் டெஸ்டுக்கு எல்லாரும் ஒன் டூ த்ரீ சொல்வாங்க. அவருக்கு மகிதான். அப்புறம், “பழைய பாத்திரம் கொண்டாங்க, புதுப் பாத்திரம் கொண்டு போங்க!” டேப் முடியுற வரைக்கும் ஒண்ணு நின்னுச்சு. முடிஞ்சதும் போயிடுச்சு.

கேட்டுட்டா. இனிமே பேசுவா.

11-7, வெள்ளி
மறுபடி போட்டோம். ஒண்ணு வந்தது, கேட்டது, போனது. போன் இல்லை.

அலி அக்பர் பாய் கத்திட்டுப் போனார். ஐஸ் கம்பெனிக்காரர், அவருக்கும் பி.பி. இந்தக் கடைதான். “இன்னா யக்கா, பாத்திரக் கடைக்காக லைன புடிச்சிகினு கீறீங்க? பார்ட்டி அடிச்சி அடிச்சிப் பாத்துட்டு பேஜாராயி வேற எடத்துல ஐஸ் வாங்கிக்கினான்!”

பெனிட்டோ, “பாய், ஒரு கேசட்டு நேரம்தான, பொறுங்க”ன்னார். எனக்கு வெட்கமாப் போச்சு. அடுத்த வாரமும் வருவேன்னு மட்டும் சொன்னேன்.

18-7, வெள்ளி
ஒண்ணு. பேச்சு இல்லை.

21-7, திங்கள்
ஒரு ஆளுக்கு என்ன சமைக்கிறது? டீயில் பன்னைத் தொட்டுச் சாப்பிட்டேன்.

மகி, உங்கப்பன் குரல் வேணும், நான் வேணாமா? நானும்தானே இங்க கீறேன். எனக்கு மட்டும் அவரு யாரு? உன்ன நெனச்சிகினுதான அந்தக் கடைல போய் உக்கார்றேன், பாக்கறவங்க எல்லாம் இன்னா இதுன்னு சிரிக்க… சே. யார்கிட்ட எழுதுறேன்.

25-7, வெள்ளி
நிதானமா எழுதணும்.

பாதி ஓடும்போது குரல் இழுத்துச்சு. பூ… மா… ன்னு பேய் மாதிரி. டேப் உள்ளே சுத்திக்கிச்சு. நான் போட்ட சத்தத்தில் கேபினில் இருந்தவங்க எல்லாம் எழுந்து வந்துட்டாங்க. பெனிட்டோ நெட்டை வெட்டிவிட்டுட்டு ஓடி வந்தார். அலி பாய்தான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, “நகருங்க, நம்ம கையில குடுங்க”ன்னு மெதுவா, மெதுவாச் சுத்தி எடுத்தார். அறுந்துபோகலை. ஒரு இடத்தில் கசங்கியிருக்கு, அவ்வளவுதான்.

அப்போ போன் அடிச்சுது. பாய் எடுத்து, என்னைப் பார்த்து நீட்டினார்.

“அப்பா ஏன்மா நின்னுட்டாரு?”

போனை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன்.

“ம்மா? இருக்கியா? ஒவ்வொரு வெள்ளியும் கேட்டுட்டு பூத்துக்கு ஓடறேன். டேப் முடிஞ்சப்புறமும் லைன் பிசி, பிசின்னே வருது. அப்புறம் டூட்டிக்கு நேரமாயிடுது. நீதான் பேசப் பிடிக்காம போன எடுத்து கீழ வெச்சிட்டன்னு நெனச்சேன். இன்னிக்கு நின்னுபோனதும் பயந்துட்டேன், ஃப்ளோரன்ஸ் அக்கா செல்லுலேர்ந்தே அடிச்சேன்.”

நெட்டும் போனும் ஒரே லைன், நெட் போட்டா போன் வராது. கடையில் எல்லாருக்கும் தெரியும். பாய் கூரை பறக்கக் கத்தினாரே, அப்பவும் என் மண்டையில் ஏறலை. டேப் முடிஞ்சாலும் பெனிட்டோ மத்த கேபின்காரங்களுக்காக லைனை விட்டுவைப்பார். அவ கூப்பிடற நேரத்தையே பார்த்துப் பார்த்து நான் அடைச்சு வெச்சிருக்கேன்.

“அந்த ஐஸ் பொட்டி…”ன்னு ஆரம்பிச்சேன்.

“அத வுடும்மா. சாப்ட்டியா?”

சாப்ட்டேன்னு பொய் சொன்னேன்.

29-7, செவ்வாய்
இனிமே வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு நெட் கிடையாதுன்னு பெனிட்டோ அட்டையில் எழுதி மாட்டிட்டார். கேட்கிறவங்ககிட்ட, “போன் வரணும்லா”ங்கிறார்.

1-8, வெள்ளி
மூணு மணிக்கு அடிச்சா. அவ போன் கார்டு தீர்ற வரைக்கும் பேசினோம். முடியுற நேரத்தில், “அப்பா டேப்ப ஓட்டாத, தேய்ஞ்சிடும். நீ அந்த நெட்டுல பேசும்மா. ஃப்ளோரன்ஸ் அக்கா ரூம்ல காசில்லாம எவ்ளோ நேரம் வேணா கேப்பேன்”ன்னா.

போனை வெச்சதும் பெனிட்டோ லைன் போட்டு, நம்பர் அனுப்பி, மைக்கை என் முன்னால் வெச்சுட்டு, டீ வாங்கப் போறேன்னு வெளியே போயிட்டார். என்ன பேசறது? அவராயிருந்தா பேசித் தள்ளியிருப்பார். திரையில் ஒண்ணு வந்து நின்னுச்சு.

விரலால் மைக்கைத் தட்டினேன்.

“மகி… மகி… மகி…”

ஒண்ணு அப்படியே நின்னுச்சு.

லாரித் தண்ணி வந்ததைச் சொன்னேன். பாய் பேனாவில் டேப் சுத்தினதைச் சொன்னேன். காலையில் சென்னாக்குன்னிக் கருவாடு போட்டுக் கத்திரிக்காய் பண்ணதைச் சொன்னேன். ரெண்டு பேருக்கு ஆகிற மாதிரி பண்ணிட்டேன், ராத்திரிக்கும் இருக்கு.