அவனா, அவுகளா?

ஏலே,

இந்த வாரம் திருத்த எடுத்த கட்டுரைத் தாள்களில் ஒன்றில் நூல் கஞ்சி வாடை அடித்தது. ஒன்பதாம் வகுப்பு முத்துமாரியின் தாள். வீட்டில் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியிருப்பாள் போல. தலைப்பு ‘என் அப்பா’. முதல் வரியே, ‘மை ஃபாதர் தே ஆர் ரன்னிங் பவர்லூம்.’ வழக்கம்போல ‘தே’யைச் சுழித்து மேலே ‘ஹி’ என்று எழுதப் போனேன். நிமிர்ந்து எதிரே உன் மேசையைப் பார்த்தேன். அங்கே இப்போது கணக்கு டீச்சரின் சாப்பாட்டுக் கூடை இருக்கிறது. திருத்தாமலே அடுத்த தாளை எடுத்தேன்.

இந்த ‘தே’க்காக நாம் எத்தனை சண்டை போட்டிருப்போம்! அப்பாவை ‘அவுக’ என்று சொல்லிப் பழகிய பிள்ளைகள் ஆங்கிலத்திலும் அவரைப் பன்மையாக்கிவிடும். நான் அடித்துத் திருத்துவேன். நீ ஆசிரியர் அறையே திரும்பிப் பார்க்கும்படி சிரிப்பாய். “வெள்ளக்காரன் ராசாவையும் ‘ஹி’ங்கான், ராசா வளக்குற கடுவன் பூனையையும் ‘ஹி’ங்கான். நம்ம பிள்ளைக அதுல மரியாதையத் தேடுதுக. நீ என்னலே, களவைக் கண்டுபிடிச்ச மாதிரி சுழிக்கிறே?” என்பாய். சொல்ல மாட்டாயா பின்னே! பந்தல்குடியில் விவசாயம் பார்த்த உன் அப்பாவைப் பற்றி வேலைக்கான நேர்காணலில் கேட்டபோது, ‘தே ஆர் ஃபார்மர்’ என்று சொல்லிவிட்டு வந்தவன்தானே நீ. அதற்குப் பிறகும் உனக்கு எப்படி வேலை கிடைத்தது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆனால் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கினால் நீயும் கறாராகிவிடுவாய். ஒரு பெண் உன்னிடம் மல்லுக்கு நின்றாள். “எங்க அப்பாவ அவன்னு எழுதச் சொல்றீகளா சார்?” நீ சாக்பீஸை உருட்டிக்கொண்டே, “பரீட்சையில மட்டும் எழுதும்மா. வீட்டுல அவுகதான்” என்றாய். அவள் அரைமனதாக உட்கார்ந்தாள்.

நீ போன பிறகு அந்தக் குழப்பம் எனக்கு வந்து சேர்ந்தது. பாளையம்பட்டியில் பஸ்ஸுக்கு நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய் என்றார்கள். காரியம் முடிந்து வீட்டுக்கு வந்து, “அவன் இருந்தா இந்நேரம்...” என்று ஆரம்பித்தேன். என் மனைவி தடுத்தாள். “இன்னும் என்ன அவன் இவன்னு? போனவுகள அப்படிச் சொல்லாதீக. அவுகன்னு சொல்லுங்க.” சொல்லிப் பார்த்தேன். யாரோ கல்வி அதிகாரியைப் பற்றிப் பேசுவது போல இருந்தது.

அப்போதுதான் தலைமையாசிரியர் கூப்பிட்டார். “வெள்ளிக்கிழமை பிரேயர்ல சாரைப் பத்தி நீங்கதான் பேசணும். இங்கிலீஷ்லயே பேசுங்க, அவருக்குப் பிடிக்கும்” என்றார். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆங்கிலத்தில் அவனா, அவுகளா என்கிற தொல்லை கிடையாது. உட்கார்ந்து ‘ஹி வாஸ்’ என்று எழுதினேன். எழுதியதுமே நீ எங்கோ தள்ளி நிற்கிற வேற்று ஆளாகிவிட்டாய். அடித்துவிட்டு ‘தே’ என்று போட்டேன். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்துவிட்டது. பிள்ளைகள் முன்னால் தப்பாகப் பேச முடியுமா? மறுபடி ‘ஹி’ என்றே எழுதிக்கொண்டு மேடை ஏறினேன்.

வாயைத் திறந்தால் ‘யூ’ என்று வருகிறது. யூ டாட் இங்கிலீஷ் ஹியர். யூ லாஃப்ட் டூ லவுட்லி. தாளில் இருந்த ‘ஹி’யெல்லாம் ‘யூ’வாகிக்கொண்டே போனது. எப்படி நிறுத்துவதென்று தெரியவில்லை. தலைமையாசிரியர் பக்கத்தில் நின்று இரண்டு தரம் செருமினார்.

அடுத்த பாடவேளையில் முத்துமாரி எழுந்தாள்.

“சார், எதிர்ல நிக்கிறவுகளத்தான ‘யூ’ன்னு சொல்லணும்னு சொல்லிக் குடுத்தீக?”

“ஆமா.”

“அப்ப, அந்த சார் எங்க நின்னாக?”

கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். முன்னிலை, படர்க்கை என்று கரும்பலகையில் கோடு போட்டு வருஷக்கணக்காக நடத்துகிறவன் நான். “திங்கக்கிழமை சொல்றேம்மா” என்று சமாளித்துவிட்டு வந்திருக்கிறேன்.

இலக்கணத்தில் சந்தேகம் வந்தால் நான் கேட்கிற ஆள் நீ ஒருத்தன்தான். இதையும் உன்னிடம்தான் கேட்கிறேன். எங்கலே நின்ன?