பத்து எட்டில் டர்னிப் குழி

என் ஹஃபீஸாவுக்கு,

அல்லாஹ் உன்னையும் நம் வீட்டையும் நலமாக வைத்திருக்கட்டும். உன் இருமல் நின்றதா? சோப்பூரில் பனி உருகத் தொடங்கிவிட்டதா?

போன வாரம் போனில் நீ கத்தியது இன்னும் காதில் நிற்கிறது. "கதவுலேருந்து பத்து எட்டுன்னு சொல்லிட்டுப் போனீங்க. பனியைத் தோண்டித் தோண்டிக் கை விறைச்சதுதான் மிச்சம். டர்னிப்பை முற்றத்துல புதைச்சீங்களா, இல்ல கல்கத்தாவுக்கே தூக்கிட்டுப் போயிட்டீங்களா?"

தப்பு என்னுடையதுதான். குளிர்காலத்துக்கென்று டர்னிப்பைப் புதைத்த குழிமேல் அடையாளத்துக்குக் குச்சி நட மறந்துவிட்டேன். பத்து எட்டு என்றேனே, அது என் எட்டு. உனக்குப் பதினைந்து எட்டாவது ஆகும். இந்நேரம் எல்லாம் முளைவிட்டிருக்கும். தூக்கி எறியாதே, வேலியோரம் நட்டுவை, விதைக்கு ஆகும். ஹாக் கீரையையும் நீயே விதைத்துவிடு. எனக்காகக் காத்திருக்காதே.

ஏன் என்று பதறாதே. போனில் சொன்னால் அழுவாய் என்றுதான் எழுதுகிறேன். சால்வை விற்கப் போன ஒரு வீட்டு மாடிப்படியில் மூட்டையோடு வழுக்கிவிட்டேன். கணுக்காலில் கட்டு, அவ்வளவுதான். அறை கொடுத்திருக்கும் மோனோரமா அம்மா, "சால்வைக்கு ஒண்ணும் ஆகலயே, அப்புறம் எதுக்கு இந்த மூஞ்சி?" என்று திட்டிக்கொண்டே மீன் குழம்பு ஊற்றுகிறார். எல்லாவற்றிலும் சர்க்கரை போடுகிறார். நம் கத்தரிக்காய் வற்றல் கொஞ்சம் தபாலில் அனுப்பு. பழைய துணியில் கட்டினால் போதும், உன் துப்பட்டாவாக இருந்தாலும் சரி.

ஊருக்குக் கிளம்பும் முஷ்தாக் கடிதத்துக்காக வாசலில் நின்று அவசரப்படுத்துகிறார். நான் வந்ததும் கதவிலிருந்து குழிவரை சேர்ந்தே நடந்து எண்ணிப் பார்ப்போம். இப்போது என் எட்டும் உன் எட்டு அளவுதான்.

உன் நூருதீன்