சீட்டில் பேசுகிறவள்

மார்ச் 4, செவ்வாய்

சிட்டுவை மன்றத்துப் பள்ளியில் சேர்த்து இன்றோடு இரண்டு மாதம். மாடியில் பாட்டு வகுப்பு, கீழே மேடை வைத்த கூடம். பகலில் அந்தக் கூடம்தான் பிள்ளைகளின் பள்ளி. வாசல் சுவரில் ஒவ்வொரு பிள்ளையின் படத்துக்குக் கீழேயும் ஒரு துணிப்பை தொங்குகிறது, அதில் அன்றன்றைய சீட்டு. நான்கே வரி: சாப்பிட்டது, தூங்கியது, அழுதது, சொன்னது.

இன்றைக்கு நான்காவது வரி: “மேகத்தை யாரு குளிப்பாட்டுவா?”

மூன்றரை வயதாகிறது. என் பெண் என்னிடம் ‘அம்மா’ என்றுகூடச் சொன்னதில்லை. டாக்டர் காதைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். “எல்லாம் சரியா இருக்கும்மா, பேசறப்ப பேசுவா” என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இவள் அங்கே போய் மேகத்தைப் பற்றி விசாரிக்கிறாளாம். டீச்சரக்கா எனக்கே காது குத்துகிறாள்!

ஆனாலும் சீட்டை பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒன்றைக்கூட எறிந்ததில்லை.

மார்ச் 6, வியாழன்

சாயங்காலம் வாசலில் தையல்காரம்மாவும் நானும் செருப்பு தேடிக்கொண்டிருந்தோம். அவள் பையனின் சீட்டில் ‘கீரை, இரண்டு முறை கேட்டு வாங்கினான்’ என்று இருக்கிறது. “வீட்ல கீரையைக் கண்டா கட்டிலுக்கு அடியில போய் ஒளியறான். இவங்க யாரு புள்ளையச் சொல்றாங்கன்னே தெரியலை போங்க” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அங்கே ஒரு பிள்ளை, வீட்டில் ஒரு பிள்ளை என்று எல்லாப் பெற்றோரும் பேசிக்கொள்வதுதான்.

மார்ச் 7, வெள்ளி

படுக்கும்போது சிட்டுவுக்கு என் இடது காது வேண்டும். மடலைப் பிடித்துக்கொண்டால்தான் கண் மூடும். நகம் வெட்ட மறந்தால் தொலைந்தேன்.

இன்று பேரம் பேசினேன். “அம்மான்னு ஒரே ஒரு தடவை சொல்லு, காதைத் தர்றேன்.” சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ, கையைத் தட்டிவிட்டேன். அவள் அழவில்லை. கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டாள். நான்தான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதோடு விட்டேனா? தங்கைக்குப் போன் போட்டு, “சீட்டுல ஒருத்தி பேசறாளே, அவளை எனக்குக் குடுத்திருந்தா என்னவாம்?” என்றேன். “வாயைக் கழுவுக்கா” என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

காய்ச்சல். சிட்டுவை அனுப்பவில்லை, நானும் லீவு. நாள் முழுக்க இருவரும் வீட்டிலேயே இருந்தோம். மாத்திரையைத் துப்பிக்கொண்டே இருந்தாள். கடைசியில் பொடித்து ஜூஸில் கலந்து, “வெறும் ஜூஸ்தான்டா கண்ணு” என்று குடிக்க வைத்தேன். இவர் அதற்கு முன்பே வேலைக்குப் போய்விட்டார்.

திரும்பி வரும் வழியில் சிட்டுவின் போர்வையைத் துவைக்க எடுத்துவர மன்றத்தில் நுழைந்திருக்கிறார். பையில் இருந்த சீட்டையும் எடுத்து வந்தார்.

சாப்பிட்டது: எல்லாம். தூங்கியது: ஒன்று முதல் மூன்று. அழுதது: இல்லை. சொன்னது: “அம்மா ஜூஸ்ல மாத்திரையைக் கலந்துட்டு, கலக்கலைன்னு சொல்றாங்க.”

“வேற புள்ளையோடது மாறி வந்திருக்கும்” என்கிறார் இவர். தேதி இன்றையது. பெயர் இவளுடையது. ஜூஸ் விஷயம் என்னையும் சிட்டுவையும் தவிர யாருக்குத் தெரியும்?

மார்ச் 12, புதன்

சண்டை போடத்தான் போனேன். டீச்சரக்கா வருகைப் பதிவேட்டை விரித்துக் காட்டினாள். நேற்றுக்கு நேராக டிக்.

“என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? நேத்து வந்தாளே. மேடைத் திரைக்குப் பக்கத்துல உட்கார்ந்து வாய் ஓயாம பேசிட்டிருந்தா.”

பொய் சொல்கிற முகம் இல்லை அது. எனக்காக வருத்தப்படுகிற முகம்.

என் வேலை ரத்தப் பரிசோதனை. குழாயில் ஒட்டிய பெயர் ஒன்று, உள்ளே இருக்கிற ரத்தம் வேறு என்று தெரிந்தால் கொட்டிவிட்டு மறுபடி எடுப்போம். பிள்ளையை என்ன செய்வது?

மார்ச் 13, வியாழன்

அப்படியென்றால் இரண்டு மாதமாக நான் வீட்டுக்குக் கூட்டிவருவது யாரை?

மார்ச் 14, வெள்ளி

வேலையில் தலைவலி என்று சொல்லிவிட்டு இரண்டு மணிக்கே மன்றத்துக்குப் போனேன். பிள்ளைகளைத் தூங்க வைப்பது மேடைமேல்தான். திரையை இழுத்துவிட்டால் பட்டப்பகலிலும் இருட்டு. டீச்சரக்கா கீழே கூடத்தில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

படியேறினேன். வரிசையாகப் பாய்கள். முதல் பாயில் என் சிட்டு, ஒருக்களித்து, வெறும் காற்றைப் பிடித்தாற்போல் விரல்களை மடக்கிக்கொண்டு தூங்கினாள். மேடையின் கடைசியில், வேஷத்துணிப் பெட்டிகளுக்குப் பின்னால், ஒரு சின்னக் குரல் பேசிக்கொண்டிருந்தது. நான் ஒரு நாளும் கேட்டிராத குரல். கேட்டதுமே தெரிந்துவிட்டது. என் அம்மா உருட்டிச் சொல்கிற ‘ர’கூட அதில் இருந்தது.

“வா, வீட்டுக்குப் போலாம்” என்றேன். பெட்டிகளின் பக்கம் பார்த்துத்தான் சொன்னேன்.

ஒரு கை வந்து என் விரலைப் பிடித்தது. “வந்துட்டியாம்மா? எவ்ளோ நேரம்!”

கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். முதல் பாயைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதைத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 15, சனி

பேச்சென்றால் பேச்சு! பல்லிக்கு ஏன் செருப்பில்லை, தண்ணீர் ஏன் ஈரம், அப்பா மீசையை எங்கே வாங்கினார்? அதே முகம், அதே நெற்றித் தழும்பு. இவர் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் ஆடுகிறார். “ரெண்டு மாசத்துல பேச வெச்சுட்டாங்களே! அந்த அக்காவுக்கு ஒரு புடவை எடுத்துக் குடு.”

எனக்குச் சந்தோஷம்தான். இல்லை என்று சொன்னால் பொய்.

மார்ச் 17, திங்கள்

இந்த வாரம் முழுக்க லீவு சொல்லிவிட்டேன். இனி அந்த மன்றத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன்.

சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்டாள்: “அன்னைக்கு குழாயைத் திறந்துவிட்டு ஏம்மா அழுத?” அடுத்து, “சித்திகிட்ட என்னைத்தானே கேட்ட?”

படுக்கும்போது காதைக் காட்டினேன். “எதுக்கு?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 18, செவ்வாய்

காதைக் கேட்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

இவருக்கு இன்று விடுமுறை. பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு, மாற்றுத்துணிப் பையை வாங்கிக்கொண்டு ‘இனி வரமாட்டாள்’ என்று சொல்லிவரப் போனேன்.

துணிப்பையில் நான்கு சீட்டு. திங்கள், செவ்வாய், புதன், இன்று.

சாப்பிட்டது: இல்லை. தூங்கியது: இல்லை. அழுதது: இல்லை. சொன்னது: இல்லை. மூன்று நாளும் அப்படியே. டீச்சரக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “நாலு நாளா ஒரு வாய் சாப்பிடலைம்மா. வாசலையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கா. எப்ப வந்து கூட்டிட்டுப் போறீங்கன்னும் தெரியலை, விளக்கை அணைக்க வந்தா திரைக்குப் பின்னால ஆளு இருக்கமாட்டா. இன்னைக்குத்தான் ஒரே ஒரு வார்த்தை சொன்னா. என்ன கேக்கறான்னு எனக்குப் புரியலை.”

நான்காவது சீட்டைப் பிரித்தேன்.

சொன்னது: “காது.”

ஐயோ, என் கண்ணே. என் கண்ணே. நான் பெத்தது உன்னைத்தானே. உன்னைப் போய் விட்டுட்டு வந்தேனே பாவி. ஒரு வார்த்தைக்கு நாக்கைத் தொங்கப் போட்டுட்டு அலைஞ்சேனே, இந்தா, வந்துடுச்சே வார்த்தை!

மேடைக்கு ஓடினேன். பெட்டிகள், பாய்கள், யாரும் இல்லை. ஒருத்தியைக் கொண்டுபோனேன், அவளைத் திருப்பித் தராமல் சும்மா வந்து நின்றால் இவள் எப்படிக் கிடைப்பாள்?

மார்ச் 21, வெள்ளி

இரண்டு மணிக்குப் பேசுகிறவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. படியருகே அவளே கையை விட்டாள்.

“நான் உள்ள போறேம்மா. அவளுக்குத் தூக்கம் வருது.”

“கோவமாடா?”

“இல்லையே. நான் சீட்டுல வர்றேன்.” குடுகுடுவென்று பெட்டிகளுக்குப் பின்னால் ஓடிவிட்டாள்.

முதல் பாயில் சிட்டு உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். தூக்கினேன், அவ்வளவுதான்; கை நேராகக் காதுக்கு வந்தது.

மார்ச் 22, சனி

“நேத்துவரைக்கும் பேசினாளே, என்ன ஆச்சு?” என்று இவர் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒன்றுக்கு நாலு பொம்மையை எடுத்து ஆட்டிப் பார்க்கிறார்.

சாப்பிட்டது: பாதி. தூங்கியது: என்னோடு. அழுதது: நான். சொன்னது: இல்லை.

இடது காது மடலில் நகம் பதிந்திருக்கிறது. இன்னும் எரிகிறது.